எந்த வீரராகவன்?

நான் ஒரு குழந்தையை லாரியால் அடித்துக் கொன்றுவிட்டுத் தப்பித்துத் திரிந்தவன் என்று பன்னிரண்டு நாள் ஊர் நம்பியது. என் முதலாளி நம்பினார். அக்கம்பக்கத்தார் நம்பினார்கள். என் மனைவி அலமேலு பாதி நம்பினாள். மற்றவர்கள் முழுசாக நம்பியதைவிட அவள் பாதி நம்பியதுதான் என்னை வதைத்தது.

பெருமாளை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் இந்த லாரி டிரைவரின் வணக்கம். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை இது. எழுத்து முன்னே பின்னே இருக்கும். ஆனால் ஒரு வரிகூடக் கூட்டிச் சொல்லவில்லை. இது நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. இத்தனை நாள் வெளியே சொல்லாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பெருமாள் செய்த உதவியைச் சொன்னால் நான் செய்த தப்பு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு எனக்கு வாய் வரவில்லை. இப்போதுதான் வந்திருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் வேப்பம்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நெல் விவசாயக் குடும்பம். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அம்மா திருவள்ளூர் வீரராகவப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு, கோயில் குளத்தில் வெல்லம் கரைத்து, அதற்குப் பிறகு பிறந்தவன் நான். அதனால் எனக்கு வீரராகவன் என்று பெயர். எங்கள் பக்கம் இது அதிசயமான பெயர் இல்லை. எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருந்தோம். ஒருவன் குட்டை வீரராகவன், ஒருவன் மாட்டு வீரராகவன், நான் லாரி வீரராகவன். அப்பா பெயர் முனுசாமி. லைசென்ஸில் எம். வீரராகவன் என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும்.

நான் சொல்லுவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலாம் வருஷத்துச் சங்கதி. கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. வயல் இருந்த இடத்தில் தகரக் கொட்டகை எழும்பும். ஆறு மாதத்தில் அதில் வேலைக்குச் சங்கு ஊதும். நான் இரும்புக் கம்பி ஏற்றுகிற ஒரு லாரி முதலாளியிடம் வேலையில் இருந்தேன். சூலூர்ப்பேட்டை, நாயுடுப்பேட்டை, நெல்லூர் என்று ஆந்திரா பக்கம் ஓட்டுவேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகை வீடு. நான், அலமேலு, நாலு வயசில் எங்கள் பெண் கோதை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அப்போது எனக்கு மூக்குக்கு மேல் கோபம். வண்டியும் அப்படித்தான் ஓட்டுவேன். யாராவது முந்தினால் பொறுக்காது. கோயிலுக்கு அமாவாசை தவறாமல் போவேன். வெளியே வந்ததும் செருப்பைக் காணோம் என்று வாசலிலேயே நின்று கத்துவேன். என் பக்தி அந்த லட்சணத்தில் இருந்தது.

அந்த வருஷம் காணும் பொங்கலுக்கு மறுநாள், காலை பத்து மணி இருக்கும். கம்பி லோடு ஏற்றிக்கொண்டு போனேன். எல்லைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். அது புதுசில்லை. பொங்கல் நல்லபடியாகப் போச்சா என்று கேட்பார்கள், போ என்று கையைக் காட்டிவிடுவார்கள். அன்றைக்குப் புதிதாக ஒரு சப்-இன்ஸ்பெக்டர் இருந்தார். டைப் அடித்த தாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு லைசென்ஸாக ஒத்துப் பார்த்தார். என்னுடையதைப் பார்த்தவர், மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"வண்டிய ஓரங்கட்டு. எறங்கு கீய."

"இன்னா சார் விஷயம்? பில்லு எல்லாம் கரெக்டா கீது."

"பில்லு கெடக்கட்டும். உன் லைசென்ஸ் சஸ்பெண்டு ஆயி நாலு மாசம் ஆவுது. நாயுடுப்பேட்டைக்கு அப்பால ஒரு பொட்டக் கொயந்தய அடிச்சிப் போட்டுட்டு வண்டிய உட்டுட்டு ஓடிட்டே. அஞ்சு வயசுக் கொயந்த. இப்ப ஒண்ணும் தெரியாத மாரி வண்டி ஓட்டிக்கினு வர்ற."

நான் சிரித்துவிட்டேன். அது என் முதல் தப்பு. "சார், அது வேற எவனோ. வீரராகவன்னு எங்க ஊர்ப் பக்கம் கல்லு உட்டா ஒருத்தன் மேல உயும்" என்றேன்.

"பேரு வேற ஆளுக்கு இருக்கும். நம்பரு இருக்குமா?" என்று தாளை என் முகத்துக்கு நேராகக் காட்டினார். என் லைசென்ஸ் நம்பர் அட்சரம் பிசகாமல் அதில் இருந்தது. பக்கத்தில் என் பெயர். கீழே, குழந்தை இறந்த வழக்கு, லைசென்ஸ் நிறுத்தி வைக்கப்பட்டது என்று இருந்தது.

எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. பயத்தில் இல்லை, கோபத்தில். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அந்தத் தாளைப் பிடுங்கினேன். அது இரண்டாகக் கிழிந்துவிட்டது. அது என் இரண்டாவது தப்பு. லைசென்ஸ் விஷயம் மட்டும் என்றால் வண்டியை நிறுத்தி வைத்துவிட்டு என்னை விட்டிருப்பார்களோ என்னவோ. சர்க்கார் தாளைக் கிழித்தான், வேலையைத் தடுத்தான் என்று இன்னொரு வழக்கும் சேர்ந்துகொண்டது. இரண்டு போலீஸ்காரர்கள் என் கையைப் பின்னால் முறுக்கினார்கள். வரிசையில் நின்ற மற்ற லாரி டிரைவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை. 'கொயந்தய அட்சிட்டானாம்' என்று ஒருவன் இன்னொருவனிடம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

ஸ்டேஷனிலிருந்து லைசென்ஸ் ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். ஆமாம், பதிவேட்டிலும் அப்படித்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. என் முதலாளி வந்தார். என்னை ஏறெடுத்தும் பார்க்காமல், "அந்த வாரம் நாயுடுப்பேட்டை லைன்ல இவன்தான் போனான்" என்று சொல்லிவிட்டு, வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் மாதத்தில் பத்து நாள் அந்தப் பக்கம் போகிறவன். அந்த வாரம் எந்த நாளில் எங்கே இருந்தேன் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? விபத்து செய்த வண்டி எது, அது யாருடையது என்று நான் கேட்டதற்கு, "அதெல்லாம் ஆந்திரா கேஸு, அங்க போய்க் கேட்டுக்கோ" என்றார்கள்.

லாக்கப் சிறிய அறை. உள்ளே ஏற்கெனவே நாலு பேர். தரையெல்லாம் ஈரம். சாயங்காலம் காவலுக்கு வந்த வயதான போலீஸ்காரரிடம், "எங்க சார் படுக்கிறது?" என்று கேட்டேன். என் பெயரும் ஊரும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"இன்னா, உங்க ஊர்ப் பெருமாள் மாரியே கேக்கற? அவருக்காவது ஒரு முனிவர் எடம் குட்த்தாரு. நீ நின்னுக்கினே இரு" என்றார்.

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சு எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. திருவள்ளூர்க் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெருமாள் கிழவர் வேஷத்தில் வந்து, தவம் இருந்த முனிவரிடம் பசிக்கிறது என்று மாவு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, படுக்க 'எவ்வுள்', எந்த இடம், என்று கேட்டார். முனிவர் தன் குடிசையையே காட்டினார். அங்கேயே படுத்துவிட்டார், இன்றைக்கும் படுத்திருக்கிறார். சின்ன வயசிலிருந்து ஆயிரம் தடவை கேட்ட கதை. உலகத்தை அளந்த சாமியே படுக்க இடம் கேட்டு நின்றிருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே அழுதேன்.

மறுநாள் கோர்ட். பதினைந்து நாள் ரிமாண்ட். ஜாமீன் கேட்க ஆள் இல்லை. என் மச்சான் எத்திராஜ், அலமேலுவுக்கு அண்ணன், வேப்பம்பட்டில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர். அவருக்குச் செய்தி போய்ச் சேரவே இரண்டு நாள் ஆனது. என்னைச் சப்ஜெயிலில் போட்டார்கள்.

மூன்றாம் நாள் அலமேலு தனியாக வந்தாள். கோதையை யாரிடம் விட்டுவிட்டு வந்தாள் என்று கேட்டேன். "உட்டுட்டு வர்றதுக்கு யாரு கீறாங்க? இட்டுக்கினுதான் வந்தேன், உள்ள வரமாட்டேன்னு அழுவுது. வெளிய ஜெயிலு வார்டர் பெண்டாட்டிகிட்ட உட்டுட்டு வந்துகீறேன்" என்றாள். தெருக் குழாயில் அவள் குடம் வைத்தால் மற்ற பெண்கள் தங்கள் குடத்தைத் தள்ளி வைக்கிறார்களாம். எதிர்வீட்டில், கோதையோடு விளையாடக் கூடாது என்று தங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டார்களாம். அவள் அதைச் சொல்லும்போது அழவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என் முகத்தையே பார்த்தாள்.

"ஏங்க, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கோதை மேல சத்தியமா சொல்லுங்க. நீங்க அடிச்சீங்களா?"

நான் உடனே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே வார்த்தை. என் வாய் திறக்கவில்லை. இரண்டு மூச்சு விடுகிற நேரம் இருக்கும். அதற்குப் பிறகுதான், "இல்ல அலமேலு, சத்தியமா இல்ல" என்றேன். அந்த இரண்டு மூச்சை அவள் பார்த்துவிட்டாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டாள்.

நான் ஏன் தடுமாறினேன் என்று இப்போது சொல்லுகிறேன். இதுதான் ஐந்து வருஷமாகச் சொல்ல முடியாமல் இருந்தது.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் மீஞ்சூர் தாண்டி வள்ளூர்ப் பக்கம் ஒரு நாள் மத்தியானம் வேகமாக வந்துகொண்டிருந்தேன். ஆட்டுக்குட்டி ஒன்று ரோட்டுக்கு ஓடி வந்தது. அதன் பின்னால் ஒரு சிறு பெண். பிரேக்கில் ஏறி நின்றேன். வண்டி இழுத்துக்கொண்டே போய் நின்றது. மட்கார்டு அவள் மேல் பட்டதோ, பயத்தில் விழுந்தாளோ தெரியாது, விழுந்தாள். எழுந்து உட்கார்ந்து அழுதாள். அவள் அம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தாள். நான் கீழே இறங்கவில்லை. தலையை வெளியே நீட்டி, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லையா என்று அந்தத் தாயை வாயில் வரக் கூடாத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் குழந்தைக்கு அடி பட்டதா, இல்லையா என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. வீட்டில் சொல்லவில்லை. நானும் மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அலமேலு கோதை பெயரைச் சொல்லிக் கேட்டபோது அந்தப் பெண் ரோட்டில் உட்கார்ந்து அழுததுதான் கண் முன்னால் வந்தது.

அவள் போன பிறகு, அந்தப் பகல் வெளிச்சத்தில், சப்ஜெயில் முற்றத்தில் மற்றவர்கள் பீடி குடித்துக்கொண்டிருக்க, ஒரு ஓரமாக உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன். அதுவரை மூன்று நாளும் நான் வேண்டியது வேண்டுதல் இல்லை, சண்டை. உன் பெயரை வைத்துக்கொண்டதற்கா எனக்கு இந்தக் கதி என்று பெருமாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அப்படி வரவில்லை. இப்படித்தான் சொன்னேன்:

"பெருமாளே, அந்தக் கொலைகாரன் நான் இல்லை. ஆனால் நான் அவனாக ஆகாமல் போனது என் சாமர்த்தியம் இல்லை. அன்றைக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தியது நீ. அதற்கு நன்றிகூடச் சொல்லாமல் அந்தத் தாயைத் திட்டிவிட்டு வந்தேன். என்னை வெளியே விடு என்று கேட்கவில்லை. உனக்கு எப்போது சரி என்று படுகிறதோ அப்போது விடு. அலமேலு என்னை அப்படிப் பார்க்கக் கூடாது. அது ஒன்றை மட்டும் மாற்றிக் கொடு."

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியது. தட்டை வைத்துவிட்டுப் போன வார்டரை முதல் தடவையாக முறைக்காமல் இருந்தேன்.

ஏழாம் நாள் தை அமாவாசை. இனி நடந்ததை நான் பார்க்கவில்லை. அலமேலு சொல்லித் தெரிந்துகொண்டதைச் சொல்லுகிறேன்.

அவள் அன்றைக்கு அண்ணனோடு திருவள்ளூருக்குப் போயிருக்கிறாள். எனக்காக வேண்டிக்கொள்ளப் போகவில்லை என்று பிறகு அவளே ஒளிக்காமல் சொன்னாள். "உண்மைய எனக்குக் காட்டு, எதுவா இருந்தாலும் பரவால்லன்னு கேக்கத்தான் போனேன்" என்றாள். தை அமாவாசைக் கூட்டம் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். குளத்துப் படியில் கால் வைக்க இடம் இல்லை. தெலுங்கு ஜனங்கள் வேறு பஸ் பஸ்ஸாக வந்து இறங்கியிருந்தார்கள். அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்து தண்ணீரில் வெல்லத்தைக் கரைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு தெலுங்கு அம்மாள் தன் வீட்டுக்காரரைக் கூட்டத்தில் தவறவிட்டுவிட்டு, "வீரராகவுலு! ஓ வீரராகவுலு!" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். மேல்படியில் மூன்று பேர் திரும்பினார்கள். அதில் ஒருவர் பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர். அத்தனை துக்கத்திலும் அலமேலுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். அந்த அம்மாளும் சிரித்திருக்கிறார். பேச்சு வளர்ந்தது. நாயுடுப்பேட்டைப் பக்கம் என்றதும் அலமேலு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உங்க ஊட்டுக்காரருக்கு இன்ஷியலு இன்னாம்மா?"

"கே. கோட்ட வீரராகவுலு."

"கோட்டன்றது அவங்க நைனா பேரா?"

"நைனா பேரு சுப்பய்ய. கோட்ட எங்க இண்டிபேரும்மா, ஊட்டுப் பேரு. தாத்தா, நைனா, பிள்ளைங்க எல்லாத்துக்கும் அதான் முன்னால வரும். எங்க சைடுல நைனா பேரு போட மாட்டாங்க."

அலமேலு ஐந்தாம் வகுப்பு படித்தவள். கையில் இருந்த வெல்லம் கரைந்து முடிகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாளாம். பிறகு எழுந்து அண்ணனிடம் போய், "அண்ணே, அந்தப் பேப்பர்ல கீற 'எம்' முனுசாமி தானா? இல்ல, எவனோ ஒருத்தனோட ஊட்டுப் பேரா? அத மட்டும் கேளுண்ணே" என்றாள். உள்ளே போய்ப் பெருமாளைச் சேவிக்கக்கூட நிற்கவில்லை. கேட்டதற்குப் பதில் படியிலேயே கிடைத்துவிட்டது, இனி ஏன் வரிசையில் நிற்க வேண்டும் என்று தோன்றிவிட்டதாம்.

மறுநாள் இருவரும் லைசென்ஸ் ஆபீசுக்குப் போனார்கள். யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நாளைக்கு வா என்றார்கள். அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை மறுபடியும் போனார்கள். மத்தியானத்துக்கு மேல் அந்தப் பதிவேட்டைப் பார்க்கிற எழுத்தரே எதிரில் வந்தார். ஓய்வு பெற ஒன்றிரண்டு வருஷம் இருக்கிற வயசு. எத்திராஜ் மச்சான் என்னென்னவோ சொல்ல ஆரம்பிக்க, அலமேலு குறுக்கே புகுந்து, "ஐயா, ஆந்திராவுல இருந்து வந்த லெட்டர்ல அப்பா பேரு இன்னா போட்டுகீது? அத மட்டும் படிச்சிச் சொல்லுங்க, நான் போயிடறேன்" என்றாள்.

அவர் சலித்துக்கொண்டேதான் கட்டைப் பிரித்தார். கடிதத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் தடவை படித்தார். பிறகு வேறொரு பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். அலமேலுவை உட்காரச் சொன்னார்.

நடந்தது இதுதான். விபத்து செய்தவர் எல்லையோரத்தில் குடியிருந்த எம். வீரராகவுலு. 'எம்' அவருடைய வீட்டுப் பெயர். தகப்பன் பெயர் வெங்கையா. அவரும் இதே ஆபீசில் லைசென்ஸ் வாங்கியவர். லைசென்ஸ் கையில் சிக்காததால் ஆந்திராவிலிருந்து வந்த கடிதத்தில் நம்பர் இல்லை. பெயரை வைத்து இங்கே தேடியிருக்கிறார்கள். எம். வீரராகவன், தகப்பன் முனுசாமி என்று என் பக்கம் முதலில் வந்துவிட்டது. தெலுங்கில் வீரராகவுலு, தமிழில் வீரராகவன், 'எம்'முக்கு முனுசாமி, எல்லாம் பொருந்திப் போயிற்று என்று அந்த எழுத்தர் என் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவிட்டார். அங்கிருந்துதான் என் நம்பர் சோதனைச் சாவடித் தாளுக்குப் போயிருக்கிறது. கடிதத்தில் அடுத்த வரியில் இருந்த வெங்கையாவை அவர் கண் பார்க்கவேயில்லை. இன்னும் நாலு பக்கம் தள்ளியிருந்தால் சரியான ஆள் கிடைத்திருப்பார்.

"எம்முன்னா அப்பா பேருதானேன்னு நெனச்சிட்டேம்மா. நம்ம வயக்கம் அதானே. ஒரு வரி கீழ படிக்கல. என் தப்புதான், நானே எழுதித் தரேன்" என்று அந்த மனிதர் சொன்னார்.

இதைத்தான் நான் பெரிய அற்புதம் என்பேன். அவர் கட்டை மூடிக் கட்டி, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது போ என்று சொல்லியிருக்கலாம். ஓய்வு பெறப் போகிற காலத்தில் தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொள்ள யாருக்கு மனசு வரும்? ஐந்தாவது படித்த ஒரு பெண்ணைக் கோர்ட்டும் வக்கீலும் கேட்காத கேள்வியைக் கேட்க வைத்ததும், முன்னே பின்னே தெரியாத ஒரு மனிதரை என் தப்பு என்று சொல்ல வைத்ததும் யார்? நான் சண்டை போட்டுக்கொண்டிருந்த அவன்தான்.

சனிக்கிழமை குடியரசு தினம், அடுத்தது ஞாயிறு. அந்த இரண்டு நாளும் எனக்கு ஒன்றும் தெரியாது. திங்கட்கிழமை காலை என்னைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனார்கள். எழுத்தர் தந்த கடிதத்தை மாஜிஸ்திரேட் படித்தார். லைசென்ஸ் வழக்கு அங்கேயே தள்ளுபடி ஆனது. தாளைக் கிழித்ததற்கு எச்சரித்து விட்டார்கள். அது நியாயம்தான், கிழித்தேனே. அந்தச் சப்-இன்ஸ்பெக்டர் வெளியே வந்து, "போய்யா, ஊட்டுக்குப் போய் நாஷ்டா துண்ணு. உன்னால எனக்கும் பேஜாரு" என்றார். அவர் மன்னிப்புக் கேட்டது அப்படித்தான். எனக்கும் அது போதுமாக இருந்தது. பழைய நானாக இருந்தால் அதற்கும் ஒரு சண்டை போட்டிருப்பேன்.

பஸ்ஸில் அலமேலு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். அவள் முகம் தெளிந்திருந்தது. நான் பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் பெருமாளிடம் சொன்னதை அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வள்ளூரில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். வெகு நேரம் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஜெயிலைவிட அந்தப் பஸ் பயணம் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"அதான் அன்னிக்கு வாயத் தொறக்காம நின்னீங்களா?"

"ஆமா."

"நான் வேற மாரி நெனச்சிக்கினேன். குளத்தாங்கரையில பதில் கெடச்ச பொறவுகூட, அந்த ஒரு நிமிசம் மட்டும் மனசுல முள்ளாட்டம் கெடந்துச்சி. இப்ப இல்ல" என்றாள். பிறகு, "அந்த அம்மாவப் போய்ப் பாக்கணும். திட்டினதுக்கு ஒரு வார்த்த சொல்லணும். எறங்குங்க, ஊரு வந்துச்சி" என்றாள்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. அவள் பார்வை மாற வேண்டும் என்று கேட்டேன். அது மாறியது. வெளியே வந்தது கேட்காமல் கிடைத்தது.

வள்ளூருக்குப் போனோம். அந்தக் குடும்பம் வேலை தேடி எங்கோ போய்விட்டது என்றார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே அந்தப் பாரம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. இறங்கவும் வேண்டாம். அது இருப்பதால்தான் ஊர் வருகிற இடத்தில் கால் தானாக ஆக்சிலேட்டரை விடுகிறது. "அண்ணன் வண்டி வருது, நடந்து போனா முன்னால போயிடலாம்" என்று கம்பெனி வாசலில் கேலி பேசுவார்கள். பேசட்டும்.

இதைப் படிக்கிறவர்களில் செய்யாத தப்புக்குப் பழி சுமக்கிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். பெருமாளிடம் போய் நான் குற்றமற்றவன் என்று மட்டும் வாதாடாதீர்கள். இருப்பதை இருக்கிறபடி, உங்கள் பக்கத்துத் தப்பையும் சேர்த்து, அவன் காலடியில் கொட்டிவிடுங்கள். மற்றதை அவன் பார்த்துக்கொள்வான். எந்த வாய் வழியாக, எந்தப் படியில் பதில் வரும் என்று நமக்குத் தெரியாது. காதைத் திறந்து வைத்திருந்தால் போதும்.

இந்தத் தை அமாவாசைக்கும் மூவரும் திருவள்ளூருக்குப் போனோம். அர்ச்சனைத் தட்டை அலமேலு பிடித்திருந்தாள். பட்டாச்சாரியார் பெயர் கேட்டார்.

"வீரராகவன்" என்றேன். நட்சத்திரம் சொன்னேன். "அடுத்தது?" என்றார்.

"வீரராகவுலு."

"ஒரே பேரை ரெண்டு தரம் சொல்றீரே?"

"ரெண்டு பேர் சாமி. அவர் நட்சத்திரம் எனக்குத் தெரியாது. தப்புப் பண்ணிட்டு ஓடினவரு. அவருக்கும் நல்ல புத்தி வரணும்."

அவர் என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். "அப்புறம்?" என்றார்.

"கொயந்தயப் பறிகொடுத்த ஒரு அம்மாவுக்கு. பேரு தெரியாது சாமி."

"பேர் தெரியலேன்னா சுவாமி பேருக்கே பண்ணிடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். திரைக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது. எனக்காக வீரராகவன் என்றார். அவருக்காக வீரராகவன் என்றார். அந்தத் தாய்க்காகவும் வீரராகவன் என்றார்.